ஆர்.வி.க்கு ஜிபிஎஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் அளவு டேப்பை எடுங்கள்

நாங்கள் முதன்முதலாக ஆர்.வி. (உள்ளேயே சமைத்து, படுத்துத் தூங்கிப் பயணம் போகிற வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்தது நியூ ஜெர்சியில். 25 அடி நீளம், 12 அடி உயரம், ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டு நிற்குமே, அந்த கிளாஸ் சி ரகம். வீட்டுக்காரர் ஓட்டினார், நான் பக்கத்து சீட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டு வழி சொன்னேன், பின்னால் பிள்ளைகள் இரண்டு பேரும் மாமியாரும். கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்காது. நியூயார்க் பக்கம் ஒரு பார்க்வேக்குள் திரும்பச் சொன்னது போன், நானும் அதையே சொன்னேன், அவரும் திரும்பிவிட்டார். கொஞ்ச தூரத்தில் வளைவாகக் கட்டிய ஒரு பழைய கல் பாலம். அழகான பாலம்தான். அதன் நெற்றியில் எழுதியிருந்த உயரம் 9 அடியும் சில்லறையும்.

இடிக்கவில்லை, கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டோம். ஆனால் போலீஸ் வந்து பின்னால் வரும் வண்டிகளை மறித்து, எங்களை ரிவர்ஸிலேயே வந்த வழிக்குக் கொண்டுபோய் விட அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள், அன்றைக்கு எங்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போக ஒரு பாலம் காத்திருந்தது. அந்தப் பயணம் முடிந்த கையோடு ஆர்.வி.க்கென்றே இருக்கும் ஜிபிஎஸ் கருவிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், அப்புறம் ஒன்றை வாங்கினேன், ஒரு பயணத்துக்கு ஆப்பையும் பயன்படுத்திப் பார்த்தேன். அமெரிக்காவில் முதல்முறையாக ஆர்.வி. எடுக்கப் போகிறவர்களுக்காக, நான் செய்த தப்புகளையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

போன் ஏன் போதாது

கூகுள் மேப்ஸிலோ வேஸிலோ உங்கள் வண்டி எத்தனை அடி உயரம் என்று சொல்ல இடமே இல்லை. அவற்றைப் பொறுத்தவரை நீங்கள் ஒரு கார். நியூயார்க், கனெக்டிகட் பக்கத்து பார்க்வேக்கள் பெரும்பாலும் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில், கார்கள் மட்டும் உல்லாசமாகப் போய்வரப் போட்ட சாலைகள். கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயில் 8 அடிக்கு மேல் உயரமான வண்டியே போகக் கூடாது. பாஸ்டனில் ஸ்டோரோ டிரைவ் என்று ஆற்றங்கரைச் சாலை ஒன்று இருக்கிறது. வாடகை வீடு மாறுகிறவர்கள் செப்டம்பர் 1 வாக்கில் சாமான் ஏற்றிய டிரக்கோடு அதற்குள் போய்ப் பாலத்தில் சிக்குவது வருடா வருடம் நடக்கும், அதற்கென்று ஊர்க்காரர்கள் ஒரு வினைச்சொல்லே வைத்திருக்கிறார்கள். வட கரோலினாவின் டர்ஹாமில் 11 அடி 8 அங்குல உயரத்தில் ஒரு ரயில் பாலம் இருந்தது. வண்டிகள் இடித்து இடித்தே உலகப் புகழ் பெற்றதை 2019-இல் 8 அங்குலம் தூக்கி 12 அடி 4 அங்குலம் ஆக்கினார்கள், அப்புறமும் இடிக்கிறவர்கள் இடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் 12 அடி வண்டி அதற்கடியில் போனால் மிச்சம் நான்கு அங்குலம்.

சிலர் நினைப்பதுபோல ஆர்.வி. ஜிபிஎஸ் வேறு ஏதோ விசேஷ செயற்கைக்கோளிலிருந்து தகவல் வாங்குவதில்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் போனும் அதுவும் ஒரே விதமாகத்தான் கண்டுபிடிக்கின்றன. வித்தியாசம் உள்ளே இருக்கும் வரைபடத்தில். எந்தப் பாலம் எவ்வளவு உயரம், எந்தச் சாலையில் எவ்வளவு எடை தாங்கும், எந்தச் சுரங்கப் பாதையில் கேஸ் சிலிண்டரோடு போகக் கூடாது, எங்கே இறக்கம் செங்குத்து என்றெல்லாம் அதில் பதிந்திருக்கும். உங்கள் வண்டியின் அளவுகளை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் அது வழி போடும். நீங்கள் காசு கொடுப்பது இந்தத் தகவலுக்கு, திரைக்கு அல்ல.

முதல் வேலை: வண்டியை அளப்பது

கடைக்குப் போகுமுன் இதைச் செய்யுங்கள். எவ்வளவு விலை உயர்ந்த கருவியாக இருந்தாலும் நீங்கள் கொடுக்கிற எண்கள் தப்பென்றால் அது சொல்லும் வழியும் தப்பு.

உயரம்தான் முதலில். வண்டியின் பிரசுரத்தில் போட்டிருக்கும் உயரத்தை நம்பாதீர்கள், சில நேரம் அதில் கூரை மேலிருக்கும் ஏசி சேர்ந்திருக்காது, அது மட்டுமே கிட்டத்தட்ட ஓர் அடி வரும். ஏணி போட்டு ஏறி, கூரையில் எது மிக உயரமோ அதன் மேல் (ஏசியாக இருக்கலாம், ஆன்டெனாவாக இருக்கலாம்) நேரான ஒரு கட்டையை வண்டியின் பக்கவாட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, அதன் நுனியிலிருந்து தரைவரை டேப் பிடித்து அளங்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. டயரில் காற்று சரியாக இருக்கட்டும். வந்த அளவோடு மூன்று நான்கு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். சாலைக்குப் புதிதாகத் தார் போட்டால் பாலத்தின் உயரம் அந்த அளவுக்குக் குறையும், பலகையில் எழுதியது மாறியிருக்காது.

இங்கே ஒரு சின்னப் பொறி. 11.5 அடி என்றால் 11 அடி 5 அங்குலம் அல்ல, 11 அடி 6 அங்குலம். நாம் மீட்டரிலும் சென்டிமீட்டரிலும் படித்து வளர்ந்தவர்கள், புள்ளியைப் பார்த்ததும் கை தானாகப் பழைய கணக்கைப் போட்டுவிடும். கருவி அடியையும் அங்குலத்தையும் தனித்தனியாகக் கேட்கும், கவனமாகப் போடுங்கள்.

நீளம் என்றால் முன் பம்பரிலிருந்து பின்னால் மாட்டிய சைக்கிள் ஸ்டாண்டுவரை. ட்ரெய்லர் இழுத்தால் இரண்டும் சேர்த்து, பின்னால் கார் கட்டி இழுத்தால் அதையும் சேர்த்து. அகலத்துக்குப் பக்கவாட்டுக் கண்ணாடிகளோடு ஓர் அளவு, கண்ணாடிகள் இல்லாமல் ஓர் அளவு என இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், காரணம் கீழே வருகிறது. எடைக்குத் தராசு தேட வேண்டாம், ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வண்டி சுமையோடு அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று பவுண்டில் போட்டிருக்கும், அதையே கொடுத்துவிடலாம். கடைசியாக, ப்ரோபேன் கேஸ் எவ்வளவு என்றும் பாருங்கள். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் பெரும்பாலான ஆர்.வி.களில் அதுதான்.

வாடகை வண்டியென்றால் உயரத்தை ஓட்டுநருக்கு முன்னாலேயே ஒட்டியிருப்பார்கள். ஒட்டவில்லையென்றால் எழுதி வாங்கிக்கொண்டு நீங்களே ஒரு சீட்டில் பெரிதாக எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். எங்கள் வண்டியில் "12 அடி" என்று மார்க்கரில் எழுதி ஒட்டினது என் மகள், பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி படம் வேறு.

வாங்கத்தான் வேண்டுமா?

நேராகச் சொல்கிறேன், வருடத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் வாடகைக்கு எடுக்கிறவர்களுக்குத் தனிக் கருவி தேவையில்லை. ஆர்.வி.க்கென்று போனிலேயே ஓடும் ஆப்கள் இருக்கின்றன. ஆர்.வி. லைஃப் ஒன்று, கோபைலட் ஒன்று, சிஜிக் நிறுவனம் டிரக்குக்கும் ஆர்.வி.க்கும் சேர்த்துத் தரும் ஆப் ஒன்று. சந்தா கட்டினால் இவற்றிலும் உயரம், எடை எல்லாம் கொடுத்து வழி போடலாம். ஆண்டுச் சந்தாவே நல்ல கேம்ப்கிரவுண்டில் ஓரிரு ராத்திரி தங்குகிற செலவுதான் வரும். தனிக் கருவியோ 400 டாலரிலிருந்து 800 டாலர்வரை போகும்.

தனிக் கருவி யாருக்கு என்றால், சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு, ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கு, ஃபிஃப்த் வீல் வைத்திருப்பவர்களுக்கு (பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் மாட்டி இழுக்கும் பெரிய ட்ரெய்லர்கள், அவை 13 அடி 6 அங்குலம்வரைகூட உயர்ந்து நிற்கும்), மேற்கு மாநிலங்களில் வாரக்கணக்கில் சுற்றுகிறவர்களுக்கு. அந்தப் பக்கம் போன் சிக்னலை நம்பிப் போக முடியாது. யெல்லோஸ்டோனுக்குள் பெரும்பாலான இடத்தில் சிக்னல் கிடையாது, யூட்டாவிலும் நெவாடாவிலும் மணிக்கணக்கில் ஓட்டினாலும் ஒரு கோடுகூட வராத சாலைகள் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் வேலை செய்ய போன் சிக்னல் தேவையே இல்லை, 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அதன் சிக்னலைப் பிடிக்க வானம் தெரிந்தால் போதும். போன் தடுமாறுவது வரைபடத்தை இறக்க முடியாததால்தான். தனிக் கருவியில் வட அமெரிக்கா முழுவதும் முன்கூட்டியே ஏற்றியிருக்கும். ஆப் எடுப்பவர்கள் போகிற மாநிலங்களின் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு வழி கேட்டுப் பாருங்கள். வழி போட்டது என்றால் சரி.

இன்னொன்று. போனிலேயே வழியும் பார்த்து, அதிலேயே கேம்ப்கிரவுண்டுக்கும் போன் பேசி, அதிலேயே பிள்ளைகளுக்கு வீடியோவும் போட்டால் வேண்டிய நேரத்தில் வழி திரையில் இருக்காது. ஆப்தான் என்று முடிவு செய்தால் வீட்டில் சும்மா கிடக்கும் டேப்லெட் ஒன்றை அதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு விஷயம், ஜிபிஎஸ் சிப் எல்லா டேப்லெட்டிலும் இருக்காது. ஐபேடில் வைஃபை மட்டும் உள்ள மாடலில் கிடையாது, சிம் போடுகிற மாடலில் உண்டு. நான் வைஃபை ஐபேடை ஆசையாக மாட்டிவிட்டு, வீட்டு வாசலைத் தாண்டியும் அது எங்களை வீட்டுக்குள்ளேயே காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

டிரக் ஓட்டுகிறவர்களுக்கான ஜிபிஎஸ் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்பார்கள். உயரம் பார்க்கும், உண்மைதான். ஆனால் டிரக்குக்குத் தடை, ஆர்.வி.க்குத் தடையில்லை என்கிற சாலைகள் நிறைய, அது உங்களைத் தேவையில்லாமல் சுற்ற வைக்கும். கேம்ப்கிரவுண்ட், கழிவு நீர் இறக்கும் டம்ப் ஸ்டேஷன் எல்லாம் ஆர்.வி. கருவிகளில்தான் உள்ளேயே தேடக் கிடைக்கும். விட்டுவிடுங்கள்.

உயரம் மட்டும் பார்க்கிற கருவி வேண்டாம்

நான் இதைத்தான் அதிகம் வலியுறுத்துவேன். உயரம் சரியாக இருந்தும் மாட்டிக்கொள்கிற இடங்கள் ஏராளம்.

நீளத்தையும் அகலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங் டு தி சன் சாலை, பார்க்காதவர்கள் பார்க்க வேண்டிய சாலை, ஆனால் அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டி போக முடியாது, அகலம் 8 அடிக்கு மேல் கூடாது, அது கண்ணாடிகளையும் சேர்த்து. (கண்ணாடியோடு அளக்கச் சொன்னது இதற்குத்தான்.) தெற்கு டகோடாவில் நீடில்ஸ் நெடுஞ்சாலையின் ஊசிக் கண் சுரங்கம் அகலம் 8 அடி, உயரம் 9 அடி 9 அங்குலம். ஊசிக் காதில் ஒட்டகம் நுழைகிற கதை. யூட்டாவின் சயான் பூங்காவில் 1930-இல் கட்டி முடித்த ஒரு மைலுக்கும் கொஞ்சம் அதிகமான மலைச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டியென்றால் பல வருடங்களாக 15 டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் வரும் வண்டிகளை நிறுத்திவைத்து, நடுக்கோட்டில் ஓட்டவிட்டுத்தான் அனுப்பி வந்தார்கள். 2026 நடுவிலிருந்து பெரிய வண்டிகளை அந்த மலைச் சாலையிலேயே விடுவதில்லை என்று பூங்கா நிர்வாகம் அறிவித்திருக்கிறது. சயானிலிருந்து பிரைஸ் கேன்யன் போகிற நம்மவர்கள் அத்தனை பேரும் போடுகிற வழி அது, ஆகவே இப்போதே சுற்று வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கேஸ். இதைப் பற்றி வாடகைக்கு விடுகிறவர்கள் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நியூயார்க்குக்குள் போகும் ஹாலந்து, லிங்கன் சுரங்கங்களில் ப்ரோபேனோடு ஆர்.வி. போகக் கூடாது. பால்டிமோரில் துறைமுகத்துக்கு அடியில் போகும் இரண்டு சுரங்கங்களிலும் (95-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஃபோர்ட் மெக்ஹென்ரி, 895-இல் ஹார்பர் டனல்) 10 பவுண்டுக்கு மேற்பட்ட சிலிண்டருக்குத் தடை. சாதாரண பார்பிக்யூ சிலிண்டரே 20 பவுண்ட், ஆக நம் எல்லோருக்கும் தடைதான். நல்ல ஆர்.வி. கருவியில் "ப்ரோபேன் இருக்கிறது" என்று சொல்ல ஓர் இடம் இருக்கும், வாங்குமுன் அது இருக்கிறதா என்று கேளுங்கள். வர்ஜீனியாவின் செசபீக் பே பாலச் சுரங்கத்தில் இப்படி இல்லை, அளவுக்குள் இருந்தால் சிலிண்டரை மூடிவைத்து விடுவார்கள். ஆக ஊருக்கு ஊர் மாறும்.

அப்புறம் ஏற்ற இறக்கம். ஐடஹோ ஃபால்ஸிலிருந்து ஜாக்சன் போக வேண்டும் என்று வையுங்கள், யெல்லோஸ்டோன் பயணத்தில் பலர் போடுகிற வழி. சாதாரண மேப் டீட்டன் பாஸ் வழியாக அனுப்பப் பார்க்கும். 10 சதவீதச் சரிவு. அதாவது 100 அடி போனால் 10 அடி இறக்கம், அதுவும் மைல் கணக்கில். ஐந்து டன் வண்டியைப் பிரேக்கிலேயே பிடித்துக்கொண்டு இறங்கினால் கீழே வருவதற்குள் பிரேக் புகைந்துவிடும். 26-ஆம் எண் சாலையிலேயே ஸ்வான் வேலியைத் தாண்டி ஆல்பைன்வரை போய், ஸ்னேக் ஆற்றை ஒட்டி 89-இல் ஏறினால் கொஞ்ச நேரம் கூடப் பிடிக்கும், ஆனால் ஓட்டுகிறவர் முகம் பயத்தில் வெளுக்காது. ஆர்.வி. கருவிகள் செங்குத்துச் சரிவு வருகிறது என்று எச்சரிக்கும், ஆனால் எச்சரிப்பதும் தவிர்ப்பதும் ஒன்றல்ல. சரிவைத் தவிர்த்து வழி போடுமா, வெறுமனே மணி அடிக்குமா என்று பார்த்து வாங்குங்கள். மணி மட்டும் அடிக்கிற கருவி என்றால் மலைப் பகுதிகளை முந்தின நாள் ராத்திரியே வரைபடத்தில் பார்த்து வைக்கிற வேலை உங்களுடையது.

திரை, மாட்டும் விதம், மற்றதெல்லாம்

கார்மின், ராண்ட் மெக்னாலி ஆகிய பெயர்கள்தான் கடையில் கண்ணில் படும். ஐரோப்பாவில் ஓட்டுகிறவர்களுக்கு டாம்டாமிலும் கேம்பர் என்று தனி வரிசை உண்டு. கார்மின் எண்களைப் படிப்பது சுலபம், 795 என்றால் 7 அங்குலத் திரை, 895 என்றால் 8, 1095 என்றால் 10. ராண்ட் மெக்னாலி காகித வரைபடக் கம்பெனியாக இருந்து வந்தது, அதன் கருவிகளில் பயணத்தைத் திட்டமிடும் வசதி நன்றாக இருக்கும் என்பார்கள், நான் வைத்திருந்ததில்லை.

கேம்பர்வேன் என்றால் 7 அங்குலம் தாராளம். பஸ் மாதிரி இருக்கும் கிளாஸ் ஏ வண்டியில் டேஷ்போர்டு அகலமாக, முன் கண்ணாடி எட்டாத தூரத்தில் இருக்கும், அங்கே 8 அல்லது 10 எடுக்கலாம். எங்கள் கிளாஸ் சி-க்கு 8 சரியாக இருந்தது. கடையில் கையில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓட்டுநர் கண்ணுக்கும் திரைக்கும் எத்தனை அடி இருக்கும் என்று வண்டியில் அளந்து, அந்த தூரத்தில் நின்று எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். எந்த லேனில் போக வேண்டும் என்று பிரித்துக் காட்டுகிற படம் அங்கிருந்து தெரிந்தால் போதும்.

முன் கண்ணாடியில் ஒட்டுவதற்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சட்டம். கலிபோர்னியாவில் பயணி பக்கத்துக் கீழ் மூலையில் 7 அங்குலச் சதுரம், ஓட்டுநர் பக்கத்துக் கீழ் மூலையில் 5 அங்குலச் சதுரம், அதற்குள்தான் கருவி அடங்க வேண்டும். பெரிய திரை அடங்காது. மணல் மூட்டைபோல அடிப்பாகம் கனமாக உள்ள, டேஷ்போர்டில் சும்மா உட்கார வைக்கும் தாங்கி ஒன்று தனியாக விற்கும், அதை வாங்கிவிடுங்கள். வாடகை வண்டியில் பிசினும் ஒட்டாது, அரிசோனா வெயிலில் ரப்பர் உறிஞ்சி கழன்று மடியில் விழவும் செய்யாது. எனக்கு விழுந்தது.

பின்பக்கக் கேமரா கருவியோடு சேரும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். கேமரா தனி விலை, வயர் இழுக்க வேண்டும், வாடகை வண்டியில் அதெல்லாம் விடமாட்டார்கள். சொந்த ட்ரெய்லர் உள்ளவர்கள் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு இருக்கவே இருக்கிறார் பின்னால் இறங்கி நின்று நம்மூர் கண்டக்டர் பாணியில் "வரலாம், வரலாம்... ஹோல்டான்!" சொல்ல ஓர் ஆள். எங்கள் வண்டியில் அது மாமியார். கேமராவைவிடச் சத்தம் ஜாஸ்தி.

குரல் கட்டளை, ஹோட்டல் மதிப்பீடு, போன் செய்தியைத் திரையில் காட்டுவது, இதற்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். போக்குவரத்து நெரிசல் தகவல் மட்டும் வேண்டும், பல கருவிகளுக்கு அது உங்கள் போன் வழியாகத்தான் வரும் என்பதால் ஓட்டுகிறவர் போனோடு சேர்க்காமல் பக்கத்து சீட்டுக்காரர் போனோடு இணைத்துவிடுங்கள். உண்மையில் இந்தக் கருவியை யார் கையாளப் போகிறார்களோ அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அது பெரும்பாலும் ஓட்டுகிறவர் அல்ல.

வாங்கியதும், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்

டப்பாவைப் பயணத்தன்று காலையில் பிரிக்காதீர்கள். வரைபடம் புதுப்பிக்கவே மணிக்கணக்கில் ஆகும், சில கருவிகளுக்குத் தனியாக மெமரி கார்டும் கேட்கும். ஆயுள் முழுக்க இலவசப் புதுப்பிப்பு உண்டா என்பதை வாங்கும்போதே பாருங்கள், பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏன் என்றால், பால்டிமோர் சுரங்கங்களில் கேஸோடு போக முடியாதவர்களை முன்பு கிழக்குப் பக்கம் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாக அனுப்புவார்கள். 2024 மார்ச் 26 விடியுமுன் சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் விழுந்துவிட்டது. புதுப்பிக்காத கருவிக்கு இந்தச் செய்தி தெரியாது. இப்போது 695-இல் மேற்குப் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும்.

அப்புறம் வண்டி விவரத்தை ஏற்றுங்கள். பல கருவிகளில் "கார்", "ஆர்.வி.", "ட்ரெய்லரோடு ஆர்.வி." என்று தனித்தனியாகச் சேமிக்கலாம். ஏற்றியதும் அதைச் சோதிக்க வேண்டும், இது யாரும் சொல்லித்தராதது. உங்கள் ஊரில் தாழ்ந்த பாலம் ஒன்று எங்காவது இருக்கும், காரில் தினமும் அதற்கடியில் போயிருப்பீர்கள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முகவரி கொடுத்து வழி கேளுங்கள். பாலத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போகச் சொன்னால் கருவி கேட்கிறது என்று அர்த்தம். நேராகவே போகச் சொன்னால் உயரத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது கார் மோடிலேயே இருக்கிறது, அல்லது அந்தப் பாலம் அதன் கணக்கிலேயே இல்லை. மூன்றில் எது என்று இப்போதே தெரிவது நல்லது.

சேருமிடங்களை முகவரியாகக் கொடுக்காமல், முடிந்தவரை அட்சரேகை தீர்க்கரேகை எண்களாகக் கொடுங்கள். பல கேம்ப்கிரவுண்டுகள் தங்கள் இணையதளத்திலேயே "ஜிபிஎஸ் சொல்லும் வழியில் வராதீர்கள், இந்த வாசலுக்கு வாருங்கள்" என்று எழுதி வைத்திருக்கும். பதிவு செய்யும்போது அதைத் தேடிப் படியுங்கள். தேசியப் பூங்காவின் பெயரை மட்டும் தட்டினால் பூங்காவின் நடுவில் எங்கோ ஒரு காட்டுப் புள்ளிக்குக் கூட்டிப் போகும், எந்த வாசல் என்று சொல்லியே தட்டுங்கள்.

காகித அட்லஸ் ஒன்றும் சீட்டுக்கடியில் கிடக்கட்டும். டிரக் ஓட்டுநர்களுக்கான அட்லஸில் தாழ்ந்த பாலங்களின் பட்டியல் மாநில வாரியாகவே இருக்கும், நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்புகளில் கிடைக்கும்.

சாலையில்

கருவி ஒன்று சொல்லி, பலகை வேறு சொன்னால் பலகைதான். சந்தேகம் வந்தால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்திவிட்டுப் பாருங்கள், 25 அடி வண்டியை ஓட்டிக்கொண்டே திரையை நோண்டுகிற வேலை வேண்டாம். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் கருவி உடனே புது வழி போடும், அது பெரும்பாலும் ஏதாவது குடியிருப்புத் தெருவுக்குள் நுழையச் சொல்லும். நுழையாதீர்கள். நெடுஞ்சாலையிலேயே அடுத்த வெளியேறும் வழிவரை போங்கள், ஐந்தாறு மைல் போனால் போகட்டும். பெட்ரோல் பங்கின் கூரை உயரமும், பர்கர் கடை காரில் உட்கார்ந்தபடி வாங்கும் பாதையின் உயரமும் எந்தக் கருவியிலும் நம்பும்படி இருக்காது. அங்கே ஒருவர் இறங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

பயணம் முடிந்து வண்டியை ஒப்படைக்கும்போது கருவியை, தாங்கியை, சார்ஜர் வயரை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள், வயரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். வாடகை வண்டியோடு வந்த கருவியென்றால் அதில் நீங்கள் பதிந்த வீட்டு முகவரியை அழித்துவிடுங்கள். சொந்தக் கருவியை மறுபடி காரில் மாட்டுகிறவர்கள் கார் மோடுக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் மாற்றவில்லை. வண்டியை ஒப்படைத்துவிட்டு எங்கள் காரில் வீடு திரும்பினோம், தினமும் போகிற பாலத்தடியில் 12 அடி உயரம் போகாது என்று அது எங்களை ஊரைச் சுற்றி நாற்பது நிமிடம் கூட்டிக்கொண்டு போனது, களைப்பில் இருவருமே கவனிக்கவில்லை, பின்னாலிருந்து மாமியார்தான், "ஏன்டா, நம்ம வீடு அந்தப் பக்கம்தானே இருந்துச்சு?" என்று கேட்டார்.